மெத்தைக்குக் கீழே இரண்டு சாக்கு

நம் பள்ளிக்கூடக் குழுவில் போன வாரம் ஒருவன் ஒரு காரின் படத்தைப் போட்டிருந்தான். பின்பக்கம் நீண்டு பெட்டி போல முடிகிற பழைய எஸ்டேட் கார். எங்கோ கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்களாம். அதன் கீழே நீங்கள் எழுதியதை ஒன்று விடாமல் படித்தேன். "மேட்டுவீட்டு சாருக்க வண்டியப் போலத்தானே இருக்கு?" என்று ஒருவன். "இவளுக்க மாமா புள்ளத்தாச்சிக்க அடியில அரிசி வச்சுக் கடத்துன வண்டியாக்கும்" என்று என்னைச் சுட்டி ஒருத்தி. அதற்கு வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். நமக்கெல்லாம் அறுபது தாண்டியாயிற்று. பேரப்பிள்ளைகள் கூட வந்துவிட்டார்கள். வாய் மட்டும் இன்னும் ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான், அதனால் எழுதுகிறேன். பதிவு நீளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அந்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் பள்ளி திறந்த பிறகும் நான் வராமல் இருந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் எல்லாம் இல்லை. அப்போது அம்மையும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த ஊரில் நல்ல வீடு அமையவில்லை. அம்மைக்கு இளையவளான சித்தி முதல் பேறுக்கு அங்கே வந்திருந்தாள். சித்தப்பா பட்டாளத்தில், எங்கோ வடக்கே. மாமாவுக்கு அம்மையும் சித்தியும்தான் உடன்பிறப்பு. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சித்தியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அவள் தும்மினால் இவர் கஷாயத்துக்கு மிளகு பொறுக்க ஆரம்பித்துவிடுவார்.

சித்திக்கு ஏழாம் மாதத்தில் ஒருநாள் திடீரென்று ரத்தம் பட்டது. வலி ஒன்றும் இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றார். எழுந்திருக்கக் கூடாது, உட்காரக் கூடாது, கால் எப்போதும் தலையைவிட உயர்ந்திருக்க வேண்டும். மறுபடி ரத்தம் கண்டால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவும் இதே மாதிரி படுக்க வைத்து. வழியில் கால் தாழ்ந்தாலோ வண்டி குலுங்கினாலோ இரண்டு உயிருக்கும் தான் பொறுப்பில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் அம்மையைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்.

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கினார்கள். சரிவான கட்டிலில் சித்தி மெல்ல மெல்லத் தலைப்பக்கம் வழுகி வந்துகொண்டே இருப்பாள். தலைமாட்டில் நின்று அவளுடைய இரண்டு தோளையும் பிடித்து மேலே தள்ளுவது என் வேலை. "பைய மக்கா, பைய" என்பாள். அவள் தலைமயிரில் தேங்காய் எண்ணெயும் டெட்டாலும் சேர்ந்த ஒரு வாசனை இருக்கும். வெளியே மழை, முற்றத்தில் விழுந்து பிளந்த பலாப்பழம், அதில் மொய்க்கிற ஈ. நான் பள்ளிக்கு வராததன் காரணம் இதுதான். வீட்டில் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை.

இப்போது அரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அரிசிப் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டுமே. நம் பக்கம், கேரளத்தில், அரிசிக்குத் தட்டுப்பாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அரிசி உண்டு, ஆனால் கொண்டுவரத் தடை. நம் ஊரில் பாதி வீட்டு அடுப்பில் வெந்தது அந்தத் தடையைத் தாண்டி வந்த அரிசிதான். வயிற்றில் அரிசியைக் கட்டிக்கொண்டு முழுகாதவள் போல இடுப்பில் கைவைத்து நடந்துபோன பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சோதனைச் சாவடிக்காரர்கள் குத்தூசியோடு பஸ்ஸில் ஏறி மூட்டையெல்லாம் குத்திப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறோம்.

மாமா தாலுகா ஆபீஸில் தலைமை குமஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கார் என்றால் அவருக்கு அம்மையப்பன் மாதிரி. ஊரே அக்கரை அரிசி தின்னும்போது எங்கள் வீட்டில் மட்டும் ரேஷன் அரிசி, அதுவும் புழுங்கல் நாற்றத்தோடு. சித்தியின் புகுந்த வீடு எல்லை தாண்டி, குழித்துறைப் பக்கம். மருமகள் பேறுகாலத்தில் நல்ல சோறு தின்னட்டும் என்று அவர்கள் இரண்டு சாக்கு அரிசியை யார் யார் தலையிலோ ஏற்றி, தோப்பு வழியாக அனுப்பிவிட்டார்கள்.

"கள்ள அரிசி எனக்க அடுப்பில ஏறாது" என்றார் மாமா.

"புள்ளத்தாச்சிக்குக் குடுத்தயச்சதாக்கும் அண்ணே. திருப்பி அனுப்பினா சம்மந்தி வீட்டுல என்ன நெனப்பாவ?" என்றாள் அம்மை.

"திருப்ப வேண்டாம். கெடக்கட்டு. அவளுக்கு மட்டும் வடிச்சுக் குடு."

சித்தி உள்ளே படுத்தபடியே, "அண்ணன் தின்னாத்தத நான் தின்னமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் வீம்புக்குக் குறைவே இல்லை. இரண்டு சாக்கும் கட்டு அவிழ்க்கப்படாமல் வீட்டை ஒட்டிய சாய்ப்பில் பலகைமேல் கிடந்தன.

ஆம்புலன்ஸ் என்பது அன்று நமக்கு எட்டாத வார்த்தை. டாக்ஸியில் ஆளை நீட்டிப் படுக்க வைக்க முடியாது. ஊரில் காலை நீட்டிப் படுக்கிற அளவு நீளமான வண்டி ஒன்றுதான் இருந்தது. மேட்டுவீட்டு சாரின் எஸ்டேட் கார். சர்ச் குடும்பம், ரப்பர் ஷீட் வியாபாரம். தங்கமான மனுஷர், அவரே ஓட்டுவார். மாமா போய்க் கேட்டதும் அன்றிலிருந்து வண்டியை எங்கள் முற்றத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "நான் ஷீட்ட மாட்டுவண்டியில அனுப்புதேன் அண்ணாச்சி. புள்ள காரியமில்லியா" என்றார். பின்கதவைத் திறந்தால் புகைபோட்ட ரப்பரின் புளித்த நாற்றம் குப்பென்று அடிக்கும். அம்மை சாம்பிராணி போட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு நாற்றமும் சேர்ந்து அடித்தது.

மெத்தையை அந்த வண்டிக்குள் ஏற்றிய கதையைக் கேளுங்கள். சித்தியின் கல்யாண மெத்தை, இலவம் பஞ்சு, நீலமும் வெள்ளையும் பட்டைபோட்ட துணி, இரண்டு பேர் புரண்டு படுக்கலாம். பின்பக்கம் வழியாகத் தள்ளினால் பாதியில் நின்றுவிட்டது. சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் தகரம் முட்டிக்கொண்டு நிற்கிறதல்லவா, அதில் இடித்துக்கொண்டது. சார் உள்ளே இருந்து இழுக்கிறார், மாமா வெளியே இருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறார், மெத்தை நடுவில் வீங்கிக்கொண்டு அசையமாட்டேன் என்கிறது. பிறகு என் மெத்தையைப் போட்டுப் பார்த்தார்கள். நான் படுத்துப் புரண்டு அது பாய் போலத் தட்டையாகியிருந்தது. கைவைத்தால் கீழே தகரம் தெரிந்தது. அதில் படுத்தால் ரோட்டின் ஒவ்வொரு குழியும் முதுகில் எண்ணிக்கொள்ளலாம்.

கடைசியில் அம்மை கல்யாண மெத்தையின் தையலைப் பிரித்துவிட்டாள். ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்து, மடித்து, அகலத்தைக் குறைத்துத் தைத்தாள். வீடு முழுக்க இலவம் பஞ்சு. குழம்பில் பஞ்சு, மாமாவின் மூக்குக் கண்ணாடியில் பஞ்சு. சித்தி தும்மிவிடக் கூடாதே என்று அவள் அறைக் கதவைச் சாத்தி இடுக்கில் துணி அடைத்தோம். ஒரு தும்மலுக்கு இத்தனை பேர் பயந்ததை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

மெத்தை உள்ளே போய்விட்டது. ஆனால் இன்னொரு சங்கடம். பின்சீட்டை மடக்கினால் அதற்கும் முன்சீட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். படுத்தால் கால் அந்தப் பள்ளத்தில் இறங்கும். டாக்டர் சொன்னதோ கால் உயர வேண்டும் என்று. பள்ளத்தை நிரப்பி, அதற்கும் மேலே உயர்த்த வேண்டும். தலையணை அமுங்கிவிடும். செங்கல் குலுங்கும்.

"ரெண்டு சாக்குல மணல் நெறச்சு வச்சா அனங்காது அண்ணாச்சி" என்றார் சார்.

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "மண்ணா? உசுரோட இருக்கப்பட்டவளுக்க கீழ மண்ணா? நல்ல மனுசன் பேசுத பேச்சா இது?"

உயிர் போகப்போகிறவர்களைத்தான் மண்ணில் இறக்கிக் கிடத்துவது எங்கள் வழக்கம். சார் வேறு சபைக்காரர், அவருக்கு அது உறைக்கவில்லை. பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமா முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். சட்டென்று நின்றார். சாய்ப்பைப் பார்த்தார்.

"அரிசி உண்டே. யாரும் தொடாத்த அரிசி. கனமும் உண்டு, மங்கலமும் ஆச்சு."

அந்த இரண்டு சாக்கும் பள்ளத்தில் அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தன. மாமாவுக்கு ஒரே திருப்தி. தலை பின்கதவுப் பக்கம், கால் முன்பக்கம். வண்டி வடக்கே போகும்போது தலை தெற்கே இருக்கும் என்பது அவருக்குக் கூடுதல் திருப்தி. சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரே ஏறிப் படுத்தார். வெள்ளை வேட்டி, மார்பில் கோத்த கை, கண்ணை வேறு மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்துத்தானா கிழக்கு வீட்டு மாமி மோர் கடன் கேட்டு வர வேண்டும்? வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, போயிட்டீயளா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மாமா பதறி எழுந்து மேல்தகரத்தில் மண்டையை இடித்துக்கொண்டார். சித்தி உள்ளே இருந்து "என்ன, என்ன" என்று கூப்பிட, சிரிக்கக் கூடாதென்று நானும் அம்மையும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினோம். அந்த வீட்டில் அந்த மாதம் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அத்தனை பேர் சுற்றி நின்றோம். சர்க்காரே கதி என்று வாழ்ந்த மாமா நின்றார். வாரம் தவறாமல் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிற சார் நின்றார். தடை செய்த அரிசியை வண்டியில் ஏற்றுகிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்கு அது அரிசியே இல்லை. சித்தியின் கால் ஏறியிருக்க ஒரு முட்டு, அவ்வளவுதான்.

ரத்தம் மறுபடி கண்டது ஒரு மத்தியானம், சோற்றுக்கு உட்காரும் நேரம். அம்மை போட்ட சத்தத்தில் மாமா எச்சில் கையோடு ஓடிவந்தார். சித்தியை விரிப்போடு தூக்கினார்கள். அவள் முகம் மெழுகு நிறமாகிவிட்டது. வண்டியில் கிடத்தினார்கள். சார் ஓட்ட, முன்சீட்டில் மாமா, நடுவில் அம்மை பின்னால் திரும்பி முழங்காலிட்டுச் சித்தியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். தலைமாட்டில், பின்கதவுக்கும் சித்திக்கும் நடுவே இருந்த இடத்தில் பெரியவர்கள் யாரும் நுழைய முடியாது. என்னைத் தூக்கிப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மழை கொட்டியது. சார் வண்டியை முட்டை கொண்டுபோகிறவர் போல ஓட்டினார். உதியன்குளங்கரைச் சந்தியில் திரும்பிப் பெரிய ரோட்டில் ஏறியதும், "இனி ரோடு நல்லதாக்கும் மோளே, பேடிக்காதே" என்று தைரியம் சொன்னார். "அண்ணே, புள்ள அனங்குதா இல்லியான்னு தெரியல்ல" என்றாள் சித்தி. மாமா திரும்பவில்லை. முன்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. ரோட்டுக்குக் குறுக்கே மரத்தடியை இறக்கியிருந்தார்கள். சார் ஹார்ன் அடித்தார். மழைக்கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் மெல்ல வந்து பக்கத்துக் கதவைத் திறந்தார். கதவைத் திறந்தால் நேராகக் கண்ணில் படுவது அந்தப் பள்ளம்தான்.

"இதெந்தா, அரியல்லே?" என்றார், அரிசிதானே என்று.

மாமா இறங்கி ஓடினார். ஆபீஸ் மலையாளத்தில், மரியாதையாக, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் சொன்னது, பள்ளம், கால் உயர வேண்டியது, சம்பந்தி வீடு, அரிசியை அவர் வீட்டில் யாரும் தொடாதது. உண்மையைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு சிரித்தார். போன வாரமும் ஒருத்தி இதே போலக் கிடந்து அலறினாளாம். வயிற்றை அவிழ்த்தால் அரிசியாம். "இது கொஞ்சம் பெரிய நாடகம். மெத்தை எல்லாம் உண்டு" என்றார் மலையாளத்தில்.

சொல்லிக்கொண்டே குத்தூசியைச் சாக்கில் இறக்கி உருவினார். ஊசிக் குழலில் வந்த அரிசியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். குத்திய ஓட்டை வழியாக அரிசி சரசரவென்று வெளியே ஓட ஆரம்பித்தது. சித்தியின் வலது கால் கொஞ்சம் இறங்கியது. நான் கண்ணால் பார்த்தேன். அம்மை முன்சீட்டின் மேலே தாவிக் கையை விட்டு அந்த ஓட்டையில் விரலைத் திணித்துக்கொண்டாள்.

"இறக்கு சாக்கை" என்றார் அதிகாரி.

"எடுத்தா காலு தாழும் சாறே. பின்ன அவ பிழைக்கமாட்டா" என்று அம்மை கத்தினாள். கூச்சத்தை எல்லாம் விட்டுவிட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அதிகாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கோழிச் சோரயும் ஞங்ஙள் கண்டிட்டுண்டு" என்றார். கோழி ரத்தத்தைப் பூசிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்தாயிற்றாம்.

இன்று நினைத்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஊர்க்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அவருக்கு அப்படிப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தோம். அன்று அவரைக் கடித்துக் குதறலாம் என்றிருந்தது.

பின்னால் வண்டிகள் நின்றன. நம் ஊர் பஸ்ஸும் நின்றது. ஆட்கள் குடையோடு இறங்கிவந்து கூடிவிட்டார்கள். அதிகாரி பின்கதவைத் திறந்தார். மழை நேராகச் சித்தியின் முகத்தில் விழுந்தது. நான் குனிந்து என் பாவாடையால் அவள் முகத்தை மறைத்தேன். அவள் கண் பாதி மூடியிருந்தது. தோள் என் கையில் வழுகி வழுகி வந்தது, நான் தள்ளினேன், மறுபடி வந்தது. அவள் சாகப்போகிறாள், இந்த மழையில், இத்தனை பேர் பார்க்க, என் மடியில் சாகப்போகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போது மாமா கண்ணாடியைக் கழற்றினார். நனைந்த துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. அதுவரை ஆபீஸ் மலையாளம் பேசியவர் வீட்டுப் பேச்சுக்கு மாறினார்.

"சாறே, நீரு சொன்னது செரிதான். அரிசி கடத்துததுதான். ரெண்டு சாக்கும் எனக்குள்ளது. வண்டிக்காரருக்குத் தெரியாது. இந்தப் பெண்ணுங்களுக்கும் தெரியாது."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்பம் இந்தப் பெண்?"

"எனக்க தங்கச்சியாக்கும். அவளுக்குத் தீனம் உள்ளதுதான். தீனக்காரியக் கண்டா நீங்க விட்டுருவியன்னு நெனச்சு, அவள வச்சுக் கடத்துனேன்."

"ஸ்வந்தம் அனியத்தியெயோ?" என்றார் அதிகாரி. சொந்தத் தங்கையையா என்று அவர் கேட்டது கூட்டம் முழுக்கக் கேட்டது.

"ஆமா. எனக்க சொந்தத் தங்கச்சியத்தான்."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். நம் சந்தியில் டீக்கடை வைத்திருந்தவர் குடைக்குள் இருந்து, "எலே, இந்த மனுசனா!" என்றது என் காதில் விழுந்தது. அவர்தான் அன்று சாயங்காலத்துக்குள் கதையை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். நீங்கள் எல்லோரும் கேட்டது அவர் வாய்வழியாகத்தான்.

மாமா விடாமல் பேசினார். "எழுதுதத எழுதும், நான் ஒப்புப் போடுதேன். நான் இஞ்ச நிக்கேன், ஓடமாட்டேன். வண்டிய மட்டும் விடும். சாருக்க வண்டி உமக்குத் தெரிஞ்ச வண்டிதானே. அவள எறக்கிட்டு சாக்க அப்படியே கொண்டுவந்து தருவாரு."

உண்மையை அத்தனை நேரம் சொன்னபோது மசியாத மனிதர் இந்தப் பொய்யை உடனே நம்பினார். ஒருவேளை அவருக்கும் வண்டியை விட ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ என்னவோ. கையிலிருந்த அரிசியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். மரத்தடியைத் தூக்கச் சொன்னார். வண்டி நகர்ந்தபோது பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாமா கண்ணாடியைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். ஒருவன் அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினான். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வண்டி தெரிந்திருக்காது, ஆனாலும் வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலராமபுரம் தாண்டினோம். அம்மையின் விரல் சாக்கின் ஓட்டையிலேயே இருந்தது.

"அக்கா, அண்ணன் எனக்கு வேண்டிப் பொய் பறஞ்சாரு" என்றாள் சித்தி. கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "ரேஷன் கடையில ஒரு பிடி கூடுதல் விழுந்தாலே திருப்பிக் குடுக்கப்பட்ட மனுசன்."

"பேசாத கெட மோளே" என்றாள் அம்மை. சார் ஓட்டிக்கொண்டே அழுதார். வண்டி மட்டும் ஒரு குலுக்கு குலுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சித்தியை ஓட்டமாக உள்ளே கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். கையளவு இருந்தது, ஆனால் அழுதது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார் அந்த டாக்டரம்மா. அம்மை அப்போதுதான் தன் விரலைப் பார்த்தாள். சணல் அறுத்துப் புண்ணாகியிருந்தது.

விடிந்ததும் சார் சாக்குகளை ஏற்றிக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மையிடம் நடந்ததைச் சொன்னார். நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் இருந்தேன். மாமாவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்களாம். சார் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாராம்.

"ரெண்டு பேரும் உண்டு அண்ணாச்சி" என்று சார் சொன்ன பிறகுதான் திரும்பினாராம். பெஞ்சில் இருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து குழந்தை போல அழுதாராம்.

சாவடி அதிகாரியும் அங்கே இருந்திருக்கிறார். அவர் முகம் செத்துப்போயிற்றாம். "பெரியவரே, உள்ளதை உள்ளபடி சொல்லும். நேற்று எழுதியதை நான் மாற்றி எழுதுகிறேன்" என்றாராம்.

"வேண்டாம் சாறே, கெடக்கட்டு" என்றாராம் மாமா.

சார் விடவில்லை. "இனி என்னத்துக்கு அண்ணாச்சி? புள்ள பிழைச்சாச்சே. உமக்க பேரு கெட்டுப்போவும்."

"அவளுக்க உசுருக்கு வேண்டி எனக்க பேர நேந்து விட்டாச்சு. நேர்ச்சை போட்டதத் திரும்பக் கையில எடுப்பினுமா? எடுத்தா அவளுக்கு ஆவாது."

மண்ணை வேண்டாம் என்று அரிசியை வைத்த அதே மனுஷர்தான். அவர் கணக்கில் இது தெளிவாக இருந்தது. கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் அதற்கு ஈடாக வாங்கியதும் போய்விடும். எங்களையும் வாய் திறக்கவிடவில்லை. சித்தி தேறி வீட்டுக்கு வந்ததும் கோயில் முற்றத்தில் நின்று ஊர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று நின்றாள். மாமா குழந்தையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். "நீ இருக்குதது வரைக்கும் யாரும் பேசப்பிடாது" என்றார். சித்தி பேசவில்லை.

மாமா கோர்ட்டில் நின்றார், குற்றம் என்று ஒப்புக்கொண்டார், தண்டம் கட்டினார். கோயில் கமிட்டியில் இருந்து அவர் பெயரை எடுத்தார்கள். கல்யாண வீட்டில் அவர் இலையில் சோறு போடும்போது, "அக்கரை அரிசி இல்ல, நாக்குக்குப் பிடிக்குமா?" என்று கேட்டவர்கள் உண்டு. நீங்கள் என்னை வகுப்பில் என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனால் மாமா என் தலையைத் தடவுவார். "செரி மக்கா, செரி" என்பார். அந்தக் கை கொஞ்சம் கனமாக இருக்கும்.

அவர் இறந்தபோது வாய்க்கரிசி போடுகிற இடத்தில் ஒரு குரல் கேட்டது. "இது ரேஷனா, கள்ளனா?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சித்தி அண்ணனின் தலைமாட்டில் நின்றிருந்தாள், கையில் அரிசியோடு. அவள் வாய் திறந்து மூடியதை நான் பார்த்தேன். அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் வளர்ந்த பெண்ணாக நின்ற மகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் என் வாழ்க்கையில் பார்த்த பெரிய கொடுமை எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருந்த போன வாரம் சித்தி இல்லை என்பது உங்களுக்குத் தெரியாது. மகள் வீட்டில், எண்பதைத் தாண்டி, தூக்கத்தில் போனாள். நேற்று பதினாறு கழிந்தது. இனி யார் என்ன சொன்னாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் சொல்கிறேன். எங்கள் மாமா அரிசி கடத்தவில்லை.